வேனைத் தொடக்கி வைத்த பதினான்கு சொற்கள்

ஒரு காரியத்தைத் தொடங்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் பதினான்கு என்பேன். அதற்கு மேலும் இருக்கலாம். எனக்கு மனப்பாடமானவை அவ்வளவுதான். ஆக்டிவேட் என்று ஆரம்பித்து ட்ரிகர் வரைக்கும் ஒரே மூச்சில் இன்றும் ஒப்பிப்பேன். அந்தப் பதினான்கையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேனை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாமல் நின்றவன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் அக்கா சொல்வாள். (அவள் சொன்னால் இன்னும் இரண்டு கிளைக்கதை சேரும்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஈப்போவில் டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடினேன் என்பதுகூட மிகைதான். வேலை என்னைத் தேடி வரும் என்று குனோங் ராபாட்டில் அக்கா வீட்டு மாடியறையில் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் இரண்டு நாள் மேடைப் பேச்சுப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். ஒரே வார்த்தையை மேடையில் இரண்டு தடவை சொல்கிறவன் சபையைத் தூங்க வைக்கிறான் என்றார் அங்கே பாடம் நடத்தியவர். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டில் "பசிக்குது" என்பதைக்கூட ஒரு நாளைக்கு ஒரு முறைதான் சொன்னேன். அடுத்த முறை "வயிறு காலியா இருக்கு" என்பேன். அக்கா இரண்டுக்கும் ஒரே சோற்றைத்தான் போட்டாள்.

புஷ்பா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கையுறைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றாள். பள்ளி வேன் ஓட்டப் போகிறாளாம். வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது, ஏனென்றால் நானும் அந்த லோரியில் போனவன்.

நாங்கள் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். (இப்போது அங்கே முழுக்கச் செம்பனை.) தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக ஒரு பழைய லோரி இருந்தது. அது தானாகக் கிளம்பிய காலைகள் குறைவு. பெரிய பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். அக்கா பெரிய பிள்ளை. லோரி கிளம்பும்போது பின்னால் நிற்பவர்கள் மேல் ஒரு கரும்புகையைக் கக்கும். வெள்ளைச் சட்டையில் அந்தக் கரியோடு வகுப்புக்குள் நுழைந்தால் டவுன் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் சின்னப் பிள்ளை என்பதால் மேலே உட்கார்ந்து "தள்ளு, தள்ளு" என்று கத்துவேன். உழைப்பில் என் பங்கு அப்போதிருந்தே பேச்சுதான்.

"என் வேன்ல ஏறுற புள்ளைங்க ஒன்னுகூட கீழ எறங்கித் தள்ளக் கூடாதுடா" என்றாள் அக்கா. "ஏறணும், ஒக்காரணும், போவணும். அவ்ளோதான்."

பெர்மிட் கிடைத்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், செம்பனை லோரி ஓட்டுகிறவர். தெலுக் இந்தானில் தெரிந்தவரிடம் பேசி ஒரு பழைய வேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். எஞ்சின் கெட்டி. மஞ்சள் சாயம் அடித்ததும் பார்க்க லட்சணமாகவே இருந்தது. "பேட்டரிக்கு மட்டும் வயசாயிடுச்சு. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள மாத்திடலாம்" என்றார் மாமா. இதை அவர் என் முன்னால்தான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வேன் இருந்தது, ஏறப் பிள்ளைகள் இல்லை. பள்ளி திறக்க ஒரு வாரம். எங்கள் குடியிருப்பான தாமானில் வீடு வீடாகப் போய்க் கேட்டதில் எல்லோரும் "தெங்கோ டுலு லா" என்று சிரித்தார்கள். பார்க்கலாம் என்று அர்த்தம், பார்க்க மாட்டோம் என்று பொருள். பழைய வேன், புது ஓட்டுநர், அதிலும் பொம்பளை. யார் நம்பிப் பிள்ளையை ஏற்றுவார்கள்? அதனால் அக்கா ஒரு முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வேனுக்குப் பூசை போட்டு ஓட்டத்தைத் தொடக்கி வைக்கும்போது எல்லாப் பெற்றோரையும் கூப்பிடுவது. "வண்டிய பாக்கட்டும், என்னைய பாக்கட்டும். பாத்துட்டு சொல்லட்டும்" என்றாள். அன்று அவர்கள் தலையாட்டாவிட்டால் அக்கா மறுபடியும் கையுறைத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

நேரத்தை அம்மா குறித்தாள். நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் குளிகை. குளிகையில் செய்கிற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் அந்த நேரத்தில் சாவு காரியம் செய்ய மாட்டார்கள், நல்ல காரியத்தைத் தாராளமாகச் செய்வார்கள். "வேன் தெனமும் ஓடணும்ல? குளிகைதான் சரி" என்றாள் அம்மா. நாலரைக்குள் வேன் எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்கிவிட வேண்டும்.

நிகழ்ச்சியை நடத்துவது யார் என்ற பேச்சு வருவதற்கு முன்பே நான் கோட்டை அயர்ன் பண்ணத் தொடங்கியிருந்தேன்.

வருகிறவர்களில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் உண்டு. ஆகவே ஆங்கிலம் என்று தீர்மானித்தேன். (மலாயில் பேசியிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.) நிகழ்ச்சியே தொடங்கி வைக்கிற நிகழ்ச்சி. அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கும்! மூன்று நாள் அகராதியோடு உட்கார்ந்து பதினான்கு சொற்களைச் சேர்த்தேன். ஸ்டார்ட், பிகின் இரண்டையும் சேர்க்கவில்லை. அதெல்லாம் பாலர் பள்ளிப் பிள்ளைகள் பேசுகிற ஆங்கிலம் என்று என் எண்ணம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் போதாது என்று தோன்றவே ஒரு பத்தி எழுதினேன்.

ஒலிபெருக்கிக்குச் சிலிபினில் இருக்கும் மணியம் அண்ணனிடம் போனேன். லோரியில் தெருத் தெருவாகப் போய்ப் பழைய பேப்பர் வாங்குகிறவர். கூரையில் கட்டும் ஹார்ன் ஒன்று, பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிபையர் ஒன்று, மைக் ஒன்று. "தம்பி, சுச்சப் போட்டா மொதல்ல என் ரெக்கார்டிங்தான் ஓடும். மைக்ல இருக்கற பொத்தான அமுக்குனாதான் நிக்கும். வேற எப்படியும் நிக்காது லா" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிற பிள்ளை நான்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கே ஹார்னை வேன் கூரையில் கட்டினேன். ஆம்ப்ளிபையரைக் கடைசி சீட்டில் வைத்து, நீள ஒயரை இழுத்து, முன் சீட்டுக்கு அடியில் இருந்த வேன் பேட்டரியில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் மணியம் அண்ணனின் கணீர்க் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

"சூராட் காபார் லாமா! பெசி பூரோக்! பேத்ரி லாமா!"

பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி. மூன்றாவதை மட்டுமாவது நான் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். எதிர்வீட்டு ஆண்டி ஒரு கட்டுப் பேப்பரோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, மைக் பொத்தானை அழுத்தி, சாமிப் பாட்டு போட்டேன். பாட்டு மூன்று மணி நேரம் ஓடியது. நடுநடுவே "ஹலோ, ஒன், டூ" என்று நான் ஒத்திகை பார்த்தேன். படம் எடுத்தால் எடுப்பாக இருக்கட்டும் என்று வேனின் முன்விளக்கையும் போட்டுவிட்டேன். பட்டப்பகலில்.

மூன்றரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். பூசாரி சூடம் காட்டி, சந்தனம் வைத்து, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காயையும் உடைத்துவிட்டார். குடியிருப்புச் சங்கத் தலைவர் மிஸ்டர் லியோங்தான் சிறப்பு விருந்தினர். ஓய்வு பெற்றவர், சாதுவான மனிதர். அவருக்கு மாலை போட்டு முன் சீட்டில் உட்கார வைத்தோம். முதல் ஓட்டத்தின் முதல் பயணி அவர். அக்கா பட்டுப் புடவையில் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியில் கை வைத்தாள். மணி நாலு.

நான் மைக்கைப் பிடித்தேன்.

கமென்ஸில் தொடங்கினேன். பிறகு இனிஷியேட். கல்வியின் பெருமை, பெண்ணின் பெருமை. பிறகு இனாகுரேட். சாலையின் பெருமை. லாஞ்ச் வந்தபோது ராக்கெட்டைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதையும் விடவில்லை. கூட்டத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியை இருந்தார். "இந்த வேனை நாம் இன்ஸ்டிகேட் செய்வோம்" என்று நான் முழங்கியபோது அவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். (கெட்ட காரியத்துக்குத் தூண்டிவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.)

ஏழாவது சொல்லின்போது என் குரல் ஹார்னில் மெலிந்துபோயிருந்தது. கேட்கவில்லையோ என்று வால்யூமை முழுக்க வைத்துவிட்டு அந்தப் பத்தியை மறுபடியும் சொன்னேன். பின்னால் நின்ற மாமா கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்து இழுத்துக் காட்டினார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் பாவம் என்று நினைத்துத் தலையசைத்தேன். வேனின் முன்விளக்கு முட்டை மஞ்சள் நிறத்துக்கு வந்திருந்தது. அதுவும் என் கண்ணில் பட்டது. அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

"டேய், போதும்டா! பேட்டரி!" என்று மாமா கடைசியில் கத்தியே விட்டார்.

"ஒரே ஒரு வார்த்தைதான் மாமா" என்றேன். இரண்டு பாக்கி இருந்தன.

பதினான்காவது சொல் ஹார்னில் வரவே இல்லை. வாயால் கத்தினேன். கைதட்டினார்கள். மணி நாலு பதினெட்டு. அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருகினாள்.

டக்.

மறுபடியும் திருகினாள். டக். மூன்றாவது தடவை அதுவும் இல்லை.

கூட்டம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டி, கிளம்பத் தயாரானார். "தொடக்கமே இப்படி இருக்கே" என்று யாரோ தமிழில் முணுமுணுத்தது கேட்டது. அக்கா என்னைத் திட்டவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். சட்டையில் கரியோடு வகுப்புக்குள் போகும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அத்தனை பேர் நடுவில், கோட்டும் டையுமாக, எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஜம்பர் கேபிள் யாரிடமும் இல்லை. மாமாவின் லோரி தோட்டத்தில் நின்றது. அம்மா மணியைப் பார்த்துப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். இன்னும் பத்து நிமிடத்தில் ராகு காலம்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுகிற கங்காணிகூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

"எல்லாரும் பின்னால வாங்க! செமுவா தொலாக், எல்லாரும் தள்ளுங்க! நான் கிளச்ச விடும்போது யாரும் கைய எடுக்கக் கூடாது!"

என்ன ஆச்சரியம் என்றால், வந்தார்கள். அவளுடைய குரலைக் கேட்டு வராமல் இருக்க முடியாது. கைப்பையை மாட்டிய அம்மா அதைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். ஆசிரியை வந்தார். எதிர்வீட்டு ஆண்டி வந்தார். பூசாரி தட்டை மதில்மேல் வைத்துவிட்டு வந்தார். மிஸ்டர் லியோங் இறங்கப் பார்த்தார். "நீங்க ஒக்காருங்க அங்கிள், நீங்க பாசெஞ்சர்" என்று அக்கா அதட்டியதும் மாலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீ எங்கடா போற?" என்றாள் என்னிடம். "நடுவுல நில்லு."

நடுவில் நின்றேன். புகைக்குழாய்க்கு நேராக. பதினைந்து வருடம் கழித்து என் முறை.

அக்கா மறுபடியும் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். தள்ளினோம். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஒன்று மட்டும் நழுவி லொங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விழுந்தது. தெரு அந்த இடத்தில் லேசாகச் சரிவு. வேன் வேகம் எடுத்ததும் அக்கா கிளச்சை விட்டாள். ஒரு குலுக்கல், ஒரு இருமல், பிறகு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த புகையை என் மூஞ்சியில் கொட்டிவிட்டு வேன் சீறிக்கொண்டு கிளம்பியது. மணி நாலு இருபத்தேழு. குளிகை முடிய மூன்று நிமிடம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நிறுத்தாத புஷ்பா! அரை மணி நேரம் ஓட்டு! நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆவாது!" என்று பின்னாலேயே ஓடிக்கொண்டு கத்தினார் மாமா.

அந்த நேரத்தில்தான் என் கையைப் பார்த்தேன். மைக் என் கையில் இருந்தது. அதன் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்து தரையில் கிடந்தது. வேன் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரிக்கு உயிர் வந்தது. பேட்டரிக்கு உயிர் வந்ததும் கடைசி சீட்டில் ஆம்ப்ளிபையருக்கு உயிர் வந்தது. நான் வால்யூமை முழுக்க வைத்திருந்தேன் என்று முன்பே சொன்னேன்.

"சூராட் காபார் லாமா! பெசி பூரோக்! பேத்ரி லாமா!"

சுவிட்ச் கடைசி சீட்டில். பொத்தான் என் கையில். வேனை நிறுத்த முடியாது. என் அக்காவின் புது மஞ்சள் வேன், நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, குனோங் ராபாட்டின் ஒவ்வொரு லோரோங்காக, சந்து சந்தாக, பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனது. நாங்கள் இருபது பேரும் வெயிலில் நின்று, சத்தம் எந்தத் தெருவில் வருகிறது என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் ஆசிரியைதான் சிரித்தார். பிறகு பூசாரி. பிறகு மாமா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தால் கரி உள்ளே போனது.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து வேன் திரும்பி வந்தது. முன் சீட்டில் மிஸ்டர் லியோங், கழுத்தில் மாலை, மடியில் பேப்பர் கட்டு. பின்னால் இன்னும் ஆறு கட்டு, ஓர் ஓட்டை வாணலி, ஒரு பழைய கார் பேட்டரி. முனைகளில் அக்கா வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் வாசலில் காத்திருந்தவர்கள் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்.

"ஏன் அங்கிள் வாங்குனீங்க?" என்று மாமா மலாயில் கேட்டார்.

"இனி அடாட் இண்டியா, புகான்?" என்றார் அவர் அப்பாவியாக. இது இந்தியர்களின் சடங்கு இல்லையா என்கிறார். பத்துப் பன்னிரண்டு சடங்கைப் பார்த்த மனிதருக்கு இதுவும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

கைப்பை அம்மா அக்காவிடம் வந்தார். நான் பயந்துவிட்டேன். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றார். "நடுரோட்டுல வண்டி நின்னா ஒனக்கு என்னா செய்யணும்னு தெரியுது. அது போதும் லா." ஆசிரியை தன் மகன் பெயரைக் கொடுத்தார். மிஸ்டர் லியோங் பேத்தி பெயரைக் கொடுத்தார். மறுநாள், பேப்பர் கொடுத்த இரண்டு வீட்டிலிருந்து வேனைத் தேடிக்கொண்டு வந்தார்கள். பள்ளி திறந்த அன்று ஒன்பது பிள்ளைகள். பேட்டரி புதுசு. ஒரு பிள்ளைகூட இறங்கித் தள்ளவில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி.

இது என் பேச்சால் நடந்தது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் ஏற்கவில்லை.

இப்போது அக்காவிடம் மூன்று வேன்கள் இருக்கின்றன. எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதில் மைக் கிடையாது. குளிகையில் நடந்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது எவ்வளவு உண்மை என்று என்னைக் கேளுங்கள். என் கல்யாணத்தில் நன்றி சொல்ல நான் மைக்கை வாங்கியபோது, மாமாவின் ஆட்கள் நாலு பேர் எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் போய்த் தள்ளுவதற்குத் தயாராக நின்றார்கள். அக்காவின் கல்யாணப் பரிசு ஒரு ஜம்பர் கேபிள், மாலை சுற்றி.

போன மாதம் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு பயிற்சித் தாள். 'ஸ்டார்ட்' என்பதற்கு வேறு மூன்று சொற்கள் எழுதச் சொல்லியிருந்தார்கள். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் பதினான்கு சொற்களுக்கு ஒரு பயன்! கமென்ஸ், இனிஷியேட் இரண்டையும் சொன்னேன். மூன்றாவதற்கு இனாகுரேட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, "வேணாம்பா, மூனாவது எனக்கே தெரியும்" என்று தாளை மூடிவிட்டாள்.

தாள் திரும்பி வந்தது. முதல் இரண்டும் சரி. மூன்றாவது 'புஷ்'. பக்கத்தில் ஆசிரியரின் சிவப்புப் பெருக்கல் குறி.

மகள் அந்தத் தாளை அத்தையிடம் காட்டினாள். அக்கா வேனை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தப் பெருக்கல் குறிமேல் பெரிதாக ஒரு சரி போட்டாளாம். தாள் இப்போது வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. தினமும் பதினைந்து பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்குப் போகிறார்கள். கரி என் மூஞ்சியில் அப்பிய அந்தச் சாயங்காலத்துக்கு, எனக்குத் தெரிந்தவரையில், அவள் போட்ட மதிப்பெண் சரிதான்.